சிங்கப்பூரிலிருந்து காங்கேயத்துக்கு எவ்வளவு நேரம்?

காந்திபுரத்தில் வெளியூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுத் தொண்டையைக் கிழித்துக்கொண்டவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போட்டு டிக்கெட் எழுத ஆரம்பித்தேன். அந்த மேஜை கடையானது. கடைக்குத் திருப்பூரில் ஒரு கிளை, ஈரோட்டில் ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று வந்தது. விமான டிக்கெட் போடுகிற உரிமம் எனக்கெல்லாம் கிடைக்காது என்று சொன்னவர்கள் பிறகு என் கடையிலேயே வந்து டிக்கெட் போட்டார்கள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை ஒரு பஸ் நிறையச் சேர்த்துச் சிங்கப்பூர் கூட்டிப்போய், ஒருத்தர் குறையாமல், ஒருத்தர் வயிறும் கெடாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தேன். நான் முதன்முதலாக விமானத்தில் ஏறி உட்கார்வதற்கு முன்பே எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றிவிட்டிருந்தேன். இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் இரவல் சட்டை மாதிரிதான், தோளில் நிற்காது. ஆனால் விமானம் தாமதம் என்று கவுண்டரில் இருப்பவர் சொல்கிற தினுசை வைத்தே அது எவ்வளவு தாமதமாகும் என்று சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் பீளமேட்டில் நம் டிராவல்ஸ் சங்கத்தார் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்களே, அன்றைக்கு நானும் வந்திருந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் மைக் பிடித்து நின்றவன் ஜெகதீசன். பதினைந்து வருஷம் என் கடையில் என் கூட்டாளியாக இருந்தவன். பயணநேரத்தைக் கணக்குப் போடுவது எப்படி என்று பாடம் எடுத்தான். "வாசல் கணக்கு" என்று பலகையில் எழுதினான். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள், கைதட்டினீர்கள். டீ இடைவேளையில் உங்களில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றது. நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. "நீங்களும் டிராவல்ஸ்தானுங்களா சார்?" என்றது.

குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.

"பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் என்னத்துக்குங்க பொறாமை?" என்று வீட்டில் கேட்கிறாள். பொறாமைதான், இல்லை என்று சொல்லவில்லை. பசித்தவன் பந்தியைப் பார்க்கத்தான் செய்வான். சங்கத்தார் மலர் போடுகிறார்கள், என் பணி அனுபவத்தையும் எழுதிக் கேட்டார்கள். எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்த வாசல் கணக்கு எங்கே பிறந்தது என்று சொல்கிறேன். பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் வியாபாரி. கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகவர டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவர், மறுநாளே டிக்கெட்டும் கையுமாக வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏனுங்க, போவையில ஆறே முக்கா மணி நேரம் போட்டிருக்குது. வரையில ஒண்ணே முக்கா மணி நேரத்துல கொண்டாந்து எறக்கி உட்டர்றான். போவையில மட்டும் எதுக்குங்க சுத்தோணும்? ஆட்டோக்காரனாட்டம் சுத்துவழியில ஓட்டறவன்கிட்ட எனக்கு டிக்கெட் போட்டுக் குடுத்திருக்கறீங்களே!"

கடையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டிக்கெட்டில் கிளம்புகிற நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி இருக்கும், இறங்குகிற நேரம் அவர்கள் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தூரம். போனாலும் வந்தாலும் ஆகாயத்தில் இருப்பது ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்தான். இதை அவரிடம் இப்படிச் சொன்னால் ஏறாது. "அண்ணா, நீங்க போவையில அந்தூர்க்காரன் ரெண்டரை மணி நேரம் வட்டி புடிச்சுக்கறான். திரும்பி வரையில வட்டியைக் குடுத்தர்றான். அசலு நாலேகால்தானுங்க" என்றேன். மனிதர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "அப்படித் தெளிவாச் சொல்லுங்க" என்று காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே கடைப் பையன்களைக் கூட்டிச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், விமானம் பறக்கிற நேரத்தைச் சொல்லாதீர்கள். இந்த வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து அந்த வீட்டு வாசலில் செருப்பு கழற்றுகிற வரைக்கும் சொல்லுங்கள், அதுதான் பயணம் என்றேன். வாசல் கணக்கு என்பது இவ்வளவுதான். அதற்குக் கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டுப் பலகையில் எழுதினது ஜெகதீசன். அந்தக் கையெழுத்து அழகு என்னிடம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். வட்டிக் கதையையும் அவன் மேடையில் சொன்னான். "எங்கிட்ட ஒரு பொள்ளாச்சிக்காரர் வந்தாருங்க" என்று ஆரம்பித்தான். அந்தப் பொள்ளாச்சிக்காரர் வந்த அன்றைக்கு இவன் கடையிலேயே இல்லை.

போகட்டும், அது சின்ன விஷயம். நான் எழுத உட்கார்ந்தது அடுத்த விஷயத்துக்காக.

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கிற ஒரு குடும்பம். மூத்தது மகள், கட்டிக் கொடுத்துச் சிங்கப்பூரில் வேலையில் இருந்தது. இளையவன் மகன், அவனுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். முந்தின நாள் சனிக்கிழமை பொழுது சாய இணைச்சீர்.

வெளியூரிலிருந்து வந்து நம் தொழிலில் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர் இது. கூறைச் சேலைக்கு அவள் கை பட வேண்டும். கூடப் பிறந்தவளே இல்லாத வீட்டில் பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிற்கலாம், ஒன்றும் தப்பில்லை. ஆனால் பிறந்தவள் உயிரோடு இருந்து, அவள் வராமல் இன்னொருத்தி நின்றால், அந்தப் பேச்சு ஊரில் அடங்காது. இந்தப் பெண்ணோ தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது. அவளுடைய அம்மா எங்கள் கடைக்கே வந்து சொன்னார்: "எம்புள்ள நிக்க வேண்டிய எடத்துல இன்னொருத்தி நின்னாப் பாத்துக்கிட்டு நிக்க என்னால ஆவாதுங்க."

அலுவலகத்தில் அந்தப் பெண்ணுக்குச் சனிக்கிழமையிலிருந்துதான் விடுப்பு. கோயமுத்தூருக்கு நேராக வருகிற விமானம் அன்றைக்கு இரவில்தான் இறங்கும், சீருக்கு ஆகாது. இருந்தது இரண்டு வழி. ஒன்று, சென்னையில் இறங்கி அங்கிருந்து கோவைக்கு வேறு விமானம் மாறி வருவது. இன்னொன்று, திருச்சியில் இறங்கிக் கரூர், வெள்ளகோவில் வழியாகக் காரில் வருவது. திருச்சி விமானம் சிங்கப்பூர் நேரம் பன்னிரண்டரைக்குக் கிளம்பும். நமக்கு அப்போது காலை பத்து மணி. சனிக்கிழமை பத்து மணி ராகு காலம். வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

"சென்னை வழியாவே போட்டரலாங்ணா. மேல நாலு மணி நேரம், அப்புறம் சென்னையிலருந்து ஒரு மணி நேரம். அஞ்சரைக்கெல்லாம் அக்கா ஊட்ல இருப்பாங்க" என்றான் ஜெகதீசன்.

"ரெண்டும் தனித்தனி டிக்கெட்டு. நடுவுல பெட்டியை எடுக்கோணும், மறுபடியும் போடோணும். மொத பிளேனு சித்தெ நேரம் தாமசமானா ரெண்டாவது போயிரும்டா" என்றேன்.

"பாத்துக்கலாங்ணா."

இந்த "பாத்துக்கலாங்க" இருக்கிறதே, இதுதான் எங்கள் ஊர்க்காரர்களுடைய வியாதி. மரியாதை எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. எதிரில் நிற்பவரிடம் ஆகாது என்று சொல்ல நாக்கு எழாது. ஆயிருங்க, செஞ்சுபோடலாங்க, வந்துருங்க என்றுதான் வரும். ஜவுளிக்கடையில் அது பண்பாடு. நம் தொழிலில் அதனால் விமானம் தவறிப்போகும்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் என் போன் அடித்தது. சிங்கப்பூர் விமான நிலையத்திலிருந்து அந்தப் பெண். ஜெகதீசனைக் கூப்பிட்டிருக்கிறாள், அவன் எடுக்கவில்லை.

"அண்ணா, சென்னை பிளேன் லேட்டுங்கறாங்க. ரெண்டு மணி நேரமும் ஆவலாமாம், சீக்கிரமும் ஆவலாமாம். எனக்கு முன்னால நாலு பேர்தான் நிக்கறாங்க. பெட்டியைப் போட்டரட்டுங்களா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெட்டியைப் போட்டுவிட்டால் அந்தப் பெண் சென்னை விமானத்துக்குச் சொந்தம். அப்புறம் திரும்ப முடியாது. போடாமல் வெளியே வந்தால் வாங்கின டிக்கெட் போனது போனதுதான். திருச்சி விமானத்தில் இடம் கிடைக்குமா என்றும் தெரியாது. "ரெண்டு மணி நேரம், சீக்கிரமும் ஆகலாம்" என்று சொல்கிறவனுக்கு எப்போது கிளம்பும் என்பது தெரியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வரிசையோ நகர்ந்துகொண்டே இருந்தது.

"பெட்டியைக் கைய உட்டு உடாத அம்மணி. வரிசையை உட்டு வெளிய வந்து ஒரு ஓரமா நில்லு. நான் கூப்புடறேன்" என்றேன்.

"அண்ணா, எடம் போயிருங்களே..."

"சொன்னதைச் செய்யி கண்ணு."

அடுத்து ஜெகதீசன் கிடைத்தான். "அவசரப்படாதீங்ணா. ஒரு மணி நேரத்துல எடுத்துருவாங்க. ஊட்ல எதையும் சொல்லிப்போடாதீங்க, கல்யாண ஊடு" என்றான்.

"கல்யாண ஊடுங்கறதாலதான்டா சொல்லோணும்" என்று போனை வைத்துவிட்டு, நேராக மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, டிராவல்ஸ் கருப்புசாமி பேசறேனுங்க. சென்னை வழியில அம்மணி சீருக்கு வராதுங்க."

அந்தப் பக்கம் மேளம் சோதித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "காலங்காத்தால என்ன பேச்சுங்க இது? நல்ல காரியம் நடக்கற ஊட்ல வராது கிராதுன்னுக்கிட்டு!" என்றார்.

"திருச்சி வழியில வந்துருமுங்க. இப்பவே மாத்தியாவோணும். உத்தரவு குடுங்க."

போனை அம்மா பிடுங்கிக்கொண்டார். "அது ராகு காலமுங்க! எம்புள்ளைய ராகு காலத்துல ஏறச் சொல்றீங்களா?"

இந்த வாதத்தில் டிராவல்ஸ்காரன் ஜெயிக்க முடியாது. அன்றைக்குக் காலையில் முகூர்த்தக்கால் நடுகிற வேலை இருந்ததால், கல்யாணத்தின் சீர்களையெல்லாம் முன்னின்று நடத்தி வைக்கிற அருமைக்காரர் பந்தலில்தான் இருந்தார். அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை. "போனை அருமைக்காரர்கிட்டக் குடுங்கம்மா" என்றேன்.

விவரம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "ராகு காலம்ங்கறது பொழுது கெளம்பறதுலருந்து கணக்குங்க. அந்தூர்ல பொழுது எப்பக் கெளம்புது?"

"அவங்க கடிகாரத்துக்கு ஏழு மணிக்குங்க."

"அப்ப சனிக்கெழமை அங்க ராகு பத்துலருந்து பதினொண்ணரை. பன்னண்டரைக்கு ஏறுனா ஒரு தோசமும் இல்ல. ஆமா, அந்தச் சென்னை பிளேனு எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்குங்க."

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "ராகுல கெளம்பறதைத் தேடிப் புடிச்சு டிக்கெட் போட்டிருக்கறீங்களே! அதுதான் அவன் நிறுத்தி வெச்சுட்டான். தாட்டியுடுங்க அந்தப் புள்ளையத் திருச்சிக்கு."

திருச்சி விமானத்தில் இரண்டே இடம் மீதி இருந்தது. மறுபடி யாரையும் கேட்காமல் ஒன்றைப் போட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஜெகதீசனைக் கார் எடுத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. திருச்சி விமானம் மேலே ஏறிவிட்டது. நாலு மணி நேரம் அந்தப் பெண்ணுக்குப் போனும் கிடையாது, ஒன்றும் கிடையாது. முன்பகலில் மாப்பிள்ளையின் அப்பா கூப்பிட்டார். "ஏனுங்க, சென்னை பிளேனும் கெளம்பிருச்சாமா. மச்சினன் பையன் போன்ல பாத்துச் சொல்றான். சும்மா இருந்த புள்ளையத் திருச்சிக்கு அலைய உட்டுட்டீங்களே!"

கிளம்பியது உண்மைதான். ஆனால் அது சென்னையில் இறங்குவதற்குள் கோவை விமானம் போயிருக்கும். அடுத்தது இரவுதான். வாசல் கணக்குப் போட்டால் அந்தப் பெண் வீட்டில் செருப்பு கழற்றும்போது சீர் முடிந்து பந்தியும் முடிந்திருக்கும். இதை எடுத்துச் சொன்னேன். "சரி சரிங்க" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. கடையில் உட்கார்ந்து, திருச்சியில் விமானம் தரை தட்டுகிற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை நான். திருச்சியும் தாமதமாகிவிட்டால்? கரூரில் வண்டி மாட்டிக்கொண்டால்? சும்மா இருந்த பெண்ணை வழி மாற்றி விட்ட பழி எனக்கு. பேசாமல் சென்னைக்கே விட்டிருந்தால் பழி விமானக் கம்பெனிக்குப் போயிருக்கும். முடிவு எடுக்கிறவனுக்கு மட்டும்தான் இந்தப் பயம் வரும்.

அந்தப் பெண் வந்து சேர்ந்தது. வெள்ளகோவிலில் உறம்பரை வீட்டில், சொந்தக்காரர் வீட்டில்தான், இறங்கிப் பட்டுச் சேலை மாற்றிக்கொண்டு, விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு மண்டபத்து வாசலில் கார் நின்றது. ஜெகதீசன் ஒரு கையில் பெட்டியோடு, "அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டேனுங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே போயிருக்கிறான். அம்மா அழுதிருக்கிறார். தம்பிக்காரன் ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டிருக்கிறான். சீர் முடிந்ததும் அத்தனை சனத்துக்கு நடுவில் மாப்பிள்ளையின் அப்பா ஜெகதீசன் தலையில் உருமால் கட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் உருமால் கட்டுவது வெறும் துணி சுற்றுவது அல்ல, சொந்தக்காரன் என்று சபையில் சொல்வது.

மறுநாள் முகூர்த்தத்துக்கு நான் போனேன். பந்தியில் உருமாலைக் கழற்றாமல் இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வாங்ணா, சாப்டுங்ணா" என்று, கல்யாணம் தன் வீட்டில் நடப்பது மாதிரி என்னை உபசரித்தான். மாப்பிள்ளையின் அப்பா அவன் தோளில் கை போட்டு, "இவரு இல்லீன்னா நேத்து எங்க மானம் போயிருக்குமுங்க" என்று என்னிடமே சொன்னார். நான் ஜெகதீசன் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வான் என்று பார்த்தேன். அவன் கையைக் கூப்பி, "எல்லாம் கடவுள் செயலுங்க" என்றான்.

கடவுளுக்குக்கூடப் பங்கு கொடுத்தான். எனக்குக் கொடுக்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் அந்தப் பெண் என்னை மறித்தது. என் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டிருக்க வேண்டும். "போன்ல என்னை வெரட்டுனது நீங்கதானுங்களாண்ணா? நீங்க வெரட்டலீன்னா பெட்டியைப் போட்டிருப்பேன்" என்று சிரித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா முன்னால மட்டும் போயராதீங்க. வராதுன்னு சொன்னீங்களாமா, இன்னும் கோவமாத்தான் இருக்குது" என்றது.

ஜெகதீசன் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சாலையில் அந்த நேரத்துக்குள் நோகாமல் கொண்டுவந்து சேர்த்தது அவன்தான். வண்டி ஓட்டுவதில் அவனை மிஞ்ச முடியாது. ஆனால் அந்த வண்டியை எந்த ஊருக்கு ஓட்டுவது என்று அன்று விடிகாலையில் சொன்னது யார்? பீளமேட்டு மேடையில், "அருமைக்காரரைப் போனில் கூப்பிட்டேன், ராகு காலத்துக்கு வழி கேட்டேன்" என்றானே, நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களே, அந்தப் போன் என் காதில் இருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தவறான முடிவு எடுத்தால் அது ஊருக்கே தெரியும். சரியான முடிவு எடுத்தால் ஒரு அடையாளமும் மிஞ்சாது. நடக்க இருந்த கெடுதல் நடக்கவில்லை, நடக்காததை யாருக்குக் காட்டுவது? அந்தக் குடும்பம் இன்றைக்கும், சென்னை வழியாக வந்திருந்தாலும் வந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறது. அப்படி நினைப்பார்கள் என்று தெரிந்தே சொல்ல வேண்டும். கூடவே வேறு வழியையும் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, "ங்க" போட்டு, ஆனால் ஆகாது என்பதை ஆகாது என்றே சொல்லுங்கள். நல்ல செய்தியைக் கொண்டுபோகிறவனுக்குத்தான் உருமால். கெட்ட செய்தியை நேரத்தோடு சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைக்காது என்று தெரிந்தும் நான் சொன்னேன். நீங்களும் சொல்ல வேண்டும்.

சங்கத்தாருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மலரில் ஜெகதீசன் உருமால் கட்டி நிற்கிற படத்தைப் போடப் போகிறீர்கள், கீழே இந்தக் கதையைப் போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தாராளமாகப் போடுங்கள். படம் அவனுக்கே இருக்கட்டும், உருமாலும் இருக்கட்டும். திருச்சிக்குக் கார் ஓட்டியவன் ஜெகதீசன் என்று அச்சடியுங்கள், அது உண்மை. அதே எழுத்து அளவில், அதற்கு அடுத்த வரியில், பெட்டியைப் போடாதே என்று அந்தப் பெண்ணை நிறுத்தி, சென்னை வழியில் வராது என்று கல்யாண வீட்டில் சொன்னவன் காந்திபுரம் கருப்புசாமி என்று அச்சடியுங்கள். அந்த வரி இல்லாமல் மலர் வந்தால் என் கட்டுரையை எடுத்துவிடுங்கள். அந்த வரியைப் போடுவதானால் என் பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.